கன்னம் ஒட்டிப்போனது மருந்தாலா? வாசகர் கேள்விகள், டாக்டர் பதில்கள்

இந்த மாதம் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கடிதங்களில் பல, ஒரே சொல்லைச் சுற்றி இருந்தன: ‘ஒசெம்பிக் ஃபேஸ்’. எடை குறைப்பதற்கான ஊசியைப் போட்டுக்கொள்பவர்களின் கன்னம் ஒட்டி, கண் குழிந்து, முகம் வயதேறித் தெரிவதைக் குறிக்க இணையத்தில் புழங்கும் பட்டப்பெயர் அது. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை இந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 52. அம்மாபேட்டையில் வசிக்கும் பள்ளி ஆசிரியை நான். ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மாத்திரைகளால் கட்டுப்படாததால், ஏழு மாதங்களுக்கு முன் டாக்டர் வாரம் ஒருமுறை போடும் செமாகுளூடைட் ஊசியை எழுதிக்கொடுத்தார். 88 கிலோவாக இருந்த எடை 74 ஆகிவிட்டது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 9.2-லிருந்து 6.7-க்கு இறங்கியது. முழங்கால் வலியும் குறைந்தது. ஆனால் ஆடித் திருவிழாவுக்குக் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போனபோது, பார்த்தவர்களெல்லாம் “என்ன டீச்சர், உடம்புக்கு என்ன, முகமே செத்துப்போச்சே” என்றார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகள் வீடியோவில் பார்த்துவிட்டு, “இதுக்குப் பேரே ஒசெம்பிக் ஃபேஸ்தான்மா, உடனே நிறுத்திடு” என்கிறாள். எனக்கு இப்போது பசியே எடுப்பதில்லை. காலையில் ஒரு இட்லி, மதியம் கொஞ்சம் ரசம் சோறு, இரவில் மோர், அவ்வளவுதான். ஊசியை நிறுத்திவிடலாமா?

பதில்: அம்மா, நீங்களாக நிறுத்த வேண்டாம். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

ஒசெம்பிக் என்பது செமாகுளூடைட் மருந்தின் ஒரு வணிகப் பெயர். சர்க்கரை நோய்க்காக 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அது அனுமதி பெற்றது. அதே மருந்து, கூடுதல் அளவில், உடல் பருமனுக்கென வீகோவி என்ற பெயரில் 2021 ஜூனில் அனுமதி பெற்றது. பிறகு அங்குள்ள நட்சத்திரங்கள் திடீரென மெலிந்து தோன்றத் தொடங்கியபோது, அவர்களுடைய பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துப் பேசுவது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. இந்தப் பட்டப்பெயரை முதலில் வழங்கியவர் என்று நியூயார்க் தோல் மருத்துவர் பால் ஜாரட் ஃபிராங்க்கைக் குறிப்பிடுகிறார்கள். 2023-இன் தொடக்கத்தில் அங்குள்ள நாளேடுகள் எழுதியபின் அது உலகமெங்கும் பரவியது. நம் நாட்டுக் கடைகளுக்கு, இதைப் போலவே எடையைக் குறைக்கும் டிர்செபடைட் என்ற ஊசி மருந்து மவுன்ஜாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சிலும், வீகோவி அதே ஆண்டு ஜூனிலும், ஒசெம்பிக் டிசம்பரிலும்தான் வந்தன. ஊசி வந்து சேர்வதற்கு முன்பே அதன் கெட்ட பெயர் நம் கைப்பேசிகளுக்கு வந்துவிட்டது. நோயாளிகள் மருந்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் முகத்தைப் பற்றிக் கேட்பதற்கு அதுவே காரணம்.

மருத்துவப் பாடத்தில் அப்படி ஒரு நோய் கிடையாது. நாம் உண்ட பிறகு குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போல இந்த மருந்து வேலை செய்கிறது. இன்சுலின் சுரப்பைத் தூண்டுகிறது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, ‘போதும்’ என்ற உணர்வை மூளைக்குத் தருகிறது. அதனால் நாம் குறைவாக உண்கிறோம், உடல் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்தச் சேமிப்பு வயிற்றில் மட்டும் இல்லை. கன்னத்திலும் பொட்டிலும் கண்ணுக்குக் கீழும் இருக்கிறது. முகத்துக் கொழுப்பு ஒரே விரிப்பாக இருப்பதாகத்தான் முன்பு கருதினார்கள். 2007-இல் அமெரிக்க மருத்துவர்கள் இறந்தவர்களின் முகத்தில் சாயம் செலுத்திப் பார்த்தபோது, அது தனித்தனிச் சிறு அறைகளாகப் பிரிந்திருப்பது தெரிந்தது. மெத்தைக்குள் பஞ்சுப் பொதிகளை அடுக்கியதைப் போல அந்த அறைகள்தாம் தோலைத் தாங்கி நிற்கின்றன. பொதி சிறுத்தால் மேல்துணி தொய்வது இயல்பு. இடுப்பில் தொய்ந்தால் சேலை மறைத்துவிடும். முகத்தை எதைக் கொண்டு மறைப்பது?

மருந்தே முகத்துக் கொழுப்பைத் தின்றதும் மருத்துவ வரலாற்றில் உண்டு. எச்.ஐ.வி. தொற்றுக்குக் கொடுக்கப்பட்ட ஸ்டாவுடின் என்ற மாத்திரை, கன்னத்திலும் கை கால்களிலும் இருந்த கொழுப்பணுக்களையே சிதைத்தது. எடை பெரிதாகக் குறையாமலே பலருக்கு முகம் குழிந்துபோனது. அதைப் படிப்படியாகக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2009-இல் அறிவுறுத்தியது. அந்த முகங்களைப் பார்த்தவர்களுக்கு இரண்டின் வேறுபாடு தெரியும். உங்களுக்கு நடந்தது அப்படிப்பட்டதன்று. இடுப்பு, கை, தொடை என எங்கும் குறைந்ததைப் போலவே முகத்திலும் குறைந்திருக்கிறது. இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும், டைபாய்டு காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்கும் இதே முகம்தான் இருக்கும். ஊசி வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே, கன்னத்தில் டொக்கு விழுந்துவிட்டது, கண் உள்ளே போய்விட்டது என்று நம் பாட்டிமார் சொல்லிவந்தது இதைத்தான்.

இருபது வயதில் 14 கிலோ குறைந்தால் தோல் தானாகச் சுருங்கிக்கொள்ளும். உங்கள் வயதில் அது எளிதன்று. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் மட்டும், தோலை இறுக்கமாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் சுமார் 30 விழுக்காடு குறைகிறது. ஆகவே நீங்கள் கண்ணாடியில் பார்ப்பதில் ஒரு பங்கு எடைக் குறைவால் வந்தது, ஒரு பங்கு வயதால் வந்தது. இதுவரை நிறைந்திருந்த கன்னம் அந்த வயதை வெளியே காட்டாமல் வைத்திருந்தது.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அந்த ஒற்றை இட்லியும் ரசம் சோறும்தான். வாரத்துக்கு அரைக் கிலோ என்ற கணக்கில் எடை குறைந்திருக்கிறது. அந்த வேகம் மிகையில்லை. ஆனால் நீங்கள் சொன்ன உணவில் ஒரு நாளைக்கு 20 கிராம் புரதம்கூடத் தேறாது. உடல்நலமுள்ள ஒருவருக்கே தன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம் புரதம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்கிறது. அந்தக் கணக்கில் உங்களுக்கு 60 கிராமுக்கு மேல் வேண்டும். எடை குறையும்போது கொழுப்பு மட்டும் கரைவதில்லை. இம்மருந்துகளின் ஆய்வுகளில், குறைந்த எடையில் கால் பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை தசை உள்ளிட்ட கொழுப்பில்லாத திசுவாக இருந்தது. புரதமும் உடற்பயிற்சியும் இல்லாதவர்கள் தசையை வீணாக இழக்கிறார்கள். முகம் வாடுவதைவிட, படியேறும்போது தொடை நடுங்குவது பெரிய இழப்பு.

பசி இல்லாவிட்டாலும் மருந்தைப் போல நேரம் குறித்து உண்ணுங்கள். தட்டில் முதலில் புரதத்தை முடித்துவிட்டுப் பிறகு சோற்றுக்குப் போங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அதே அளவுதான். கெட்டிப் பருப்பு, கொண்டைக்கடலைச் சுண்டல், பன்னீர், மீன், கோழி, சோயா என எது ஒத்துவருகிறதோ அதை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று ஒரு பரிசோதனை செய்துகொண்டு இதைத் தொடங்க வேண்டும்; ஒன்பது ஆண்டுச் சர்க்கரைக்கு அந்தப் பரிசோதனை எப்படியும் அவசியம். நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவதைப் பத்துப் பத்தாக மூன்று முறை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்யுங்கள். தண்ணீர் நிறைத்த பாட்டில்களைக் கையில் ஏந்தியும் பழகலாம். ஒரு இட்லிக்கு மேல் இறங்கவில்லை என்பதை உங்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர் ஊசியின் அளவை உயர்த்தாமல் நிறுத்திவைக்கலாம், ஒரு படி குறைக்கவும் செய்யலாம்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2021-இல் வெளிவந்த ஆய்வில், 1,961 பேர் கலந்துகொண்டார்கள். ஊசி போட்டவர்களுக்கு 68 வாரங்களில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தது. பிறகு ஊசியை நிறுத்தி ஓர் ஆண்டு கவனித்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. உங்களுக்கோ எடையோடு சர்க்கரையும் திரும்பும். என்னிடம் வந்த வெள்ளிப் பட்டறைத் தொழிலாளி ஒருவர், “சர்க்கரை முத்திடுச்சா, இப்படி இளைச்சிட்டியே” என்று தெருவில் நான்கு பேர் கேட்டதற்காக ஊசியை விட்டார். ஐந்து மாதம் கழித்து, ஆறாத கால் புண்ணோடு திரும்பி வந்தார். கன்னம் மட்டும் பழையபடி நிறைந்திருந்தது.

நம் பக்கத்தில் பூசினாற்போல் இருப்பதுதான் நலம் என்றும், இளைத்தால் நோயோ கவலையோ என்றும் எண்ணிப் பழகிவிட்டோம். கோயிலில் கேட்டவர்கள் அன்பினால்தான் கேட்டிருப்பார்கள். “சர்க்கரை 9.2-லிருந்து 6.7-க்கு வந்திருக்கிறது” என்று அவர்களிடம் எண்ணைச் சொல்லிவிடுங்கள். எடை ஒரே நிலையில் ஆறு மாதம் நின்றபின் முகம் சற்றுத் தேறும். முழுவதும் பழையபடி ஆகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

கேள்வி: ஊசிக்குப் பதிலாக இதே மருந்தை மாத்திரையாக எடுத்துக்கொண்டால் முகம் வாடாது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். உண்மையா? (சூரமங்கலம் வாசகி, வயது 45)

பதில்: இல்லை. செமாகுளூடைட் மாத்திரை 2022 முதல் நம் நாட்டில் கிடைக்கிறது. வாய் வழியாகப் போனாலும் தோல் வழியாகப் போனாலும் அது ஒரே மருந்துதான். வழக்கமாகத் தரப்படும் அளவில் மாத்திரையால் எடை குறைவாகவே குறைவதால், முகமும் குறைவாகவே மாறுகிறது. எந்த வடிவம் ஏற்றது என்பதை உங்கள் சர்க்கரையை வைத்து டாக்டர் முடிவு செய்யட்டும்.

கேள்வி: ஐந்து ரோட்டுக்கு அருகே ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வயது 27, உயரம் 172 செ.மீ., எடை 70 கிலோ. இரண்டு மாதத்தில் திருமணம். அதற்குள் 8 கிலோ குறைக்க ஆசை. நண்பன் ஒருவன் சீட்டு இல்லாமலே ஊசிப் பேனா வாங்கித் தருவதாகச் சொல்கிறான். ஆனால் மணமேடையில் ஒட்டிய கன்னத்தோடு உட்காரக் கூடாது. முகம் மாறாமல் எடை குறைய எந்த மருந்து நல்லது, டாக்டர்?

பதில்: தம்பி, உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் உடல் நிறைக் குறியீடு உங்களுக்கு 23.7 வருகிறது. ஆசியர்களுக்கு 23-க்கு மேல் என்பது எச்சரிக்கைக் கோடு, அவ்வளவே. இந்த ஊசி குறியீடு 30-ஐத் தொட்டவர்களுக்கும், 27-க்கு மேல் இருந்து சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கும் என அனுமதிக்கப்பட்டது. உங்களுக்கு இது மருந்தாகாது.

உங்கள் கணக்கும் பொருந்தாது. வீகோவியை முதல் நான்கு வாரம் 0.25 மி.கி., அடுத்த நான்கு வாரம் 0.5 மி.கி. என்று படிப்படியாக உயர்த்தி, 16 வாரம் கழித்துத்தான் 2.4 மி.கி. என்ற முழு அளவுக்குப் போக வேண்டும். குமட்டலையும் வாந்தியையும் உடல் தாங்கிப் பழகுவதற்காக வைக்கப்பட்ட படிகள் அவை. இரண்டு மாதத்தில் நீங்கள் இரண்டாம் படியில்தான் நிற்பீர்கள். அவசரப்பட்டு அளவைத் தாண்டியவர்கள் நிற்காத வாந்தியோடு குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ள வருகிறார்கள். மணநாளன்று அந்த முகத்தை எந்த ஒப்பனையும் தேற்றாது. கணைய அழற்சி, பித்தப்பைக் கல் போன்ற தொல்லைகள் இம்மருந்தில் அரிதாக வருவதுண்டு. தைராய்டின் மெடுல்லரி வகைப் புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் இதைத் தொடவே கூடாது. இவற்றையெல்லாம் கேட்டறியத்தான் டாக்டரின் சீட்டு. 2026 மார்ச்சில் செமாகுளூடைட் காப்புரிமை முடிந்து விலை இறங்கிய பிறகு, சீட்டில்லாமல் கைமாறும் பேனாக்களைப் பற்றி எனக்கு மிகுந்த அச்சம் இருக்கிறது. குளிர்பெட்டியில் இருக்க வேண்டிய மருந்து நம் ஊர் வெயிலில் எத்தனை நாள் கிடந்ததோ, யாருக்குத் தெரியும்?

மாலைத் தட்டுவடை செட்டையும் இரவுப் பரோட்டாவையும் வாரத்துக்கு ஒரு நாளாக்கி, தினமும் முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தால் மூன்று நான்கு கிலோ குறையும். அந்த அளவில் முகம் பொலிவாகவே இருக்கும். திருமணத்துக்கு என் வாழ்த்துகள்.

கேள்வி: ஓராண்டு ஊசி போட்டு 19 கிலோ குறைத்தேன். வயது 41. இன்னும் எடை குறைந்துகொண்டிருக்கிறது. இங்குள்ள ஓர் அழகு நிலையத்தில், “ஒசெம்பிக் ஃபேஸ் வந்துவிட்டது, ஃபில்லர் (கன்னத்தை நிரப்பும் ஊசி) போட்டுக்கொள்ளாவிட்டால் தோல் நிரந்தரமாகத் தொங்கிவிடும்” என்று சொல்லி, மூன்று முறைக்கான பணத்தை முன்னதாகக் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? (ஃபேர்லேண்ட்ஸ் வாசகி)

பதில்: கட்ட வேண்டாம், அம்மா. இன்று போடாவிட்டால் நிரந்தரமாகத் தொங்கிவிடும் என்பது உண்மையில்லை. அச்சத்தை விற்கும் பேச்சு அது. எடை இறங்கிக்கொண்டிருக்கும்போது கன்னத்தை நிரப்புவது, வளரும் பிள்ளைக்கு அளவெடுத்துச் சட்டை தைப்பதைப் போன்றது. எடை நின்று ஆறு மாதம் ஆகட்டும். அதற்குள் தோல் தன்னால் இயன்ற அளவு சுருங்கிக்கொள்ளும். பிறகும் மனம் உறுத்தினால் செய்துகொள்வதில் தவறு ஏதும் இல்லை. தன் முகம் தனக்குப் பிடிக்க வேண்டும் என்று விரும்புவதை நான் ஒருபோதும் குறையாகப் பேச மாட்டேன்.

ஆனால் யார் கையால் என்பதில் கண்டிப்பாக இருங்கள். பெரும்பாலான ஃபில்லர்களில் இருப்பது ஹையலூரானிக் அமிலம். ஆறு முதல் பதினெட்டு மாதம் வரை நிற்கும். அது தவறி இரத்தக் குழாய்க்குள் புகுந்தால் தோல் கருகிப்போகும். கண்ணுக்குப் போகும் குழாயை அடைத்தால் பார்வையே போகும். அரிதுதான், ஆனாலும் நடந்திருக்கிறது. அதைக் கரைக்கும் ஹையலூரானிடேஸ் என்ற மருந்தைக் கையில் வைத்திருக்கும் தோல் மருத்துவரோ பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை மருத்துவரோ மட்டுமே இதைச் செய்ய வேண்டும். கொலாஜனைத் தூண்டும் பாலி லாக்டிக் அமில ஊசியும் உண்டு. முன்னே சொன்ன எச்.ஐ.வி. நோயாளிகளின் குழிந்த கன்னத்துக்காகத்தான் அமெரிக்காவில் 2004-இல் அது அனுமதி பெற்றது. பிறருக்கும் இன்று பயன்படுகிறது. பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும்.

கேள்வி: கன்னத்தை ஊதிச் செய்யும் முகப் பயிற்சியாலும், தினமும் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடுவதாலும் ஒட்டிய கன்னம் உப்புமா? (ஆத்தூர் வாசகர்)

பதில்: உப்பாது. எண்ணெய் தோலின் வறட்சியைப் போக்கும். குழிந்த கொழுப்பறையை நிரப்பாது. அழுத்தித் தேய்ப்பதைத் தவிருங்கள். வெயில்தான் கொலாஜனுக்குப் பெரும் பகை என்பதால், பகலில் வெளியே போகும்போது குடையோ சன்ஸ்கிரீனோ பயன்படுத்துவது உண்மையான பலன் தரும். புகைப்பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில், மஞ்சக்குட்டைப் பக்கம் இருக்கிறோம். என் கணவருக்கு வயது 56. காபித் தோட்டத்தில் வேலை. மூன்று மாதமாக ஆள் உருக்குலைந்து, 9 கிலோ குறைந்து, முகம் ஒட்டிப்போய்விட்டது. ஊசியோ மாத்திரையோ எதுவும் போடவில்லை. கூட வேலை செய்யும் பிள்ளைகள் கைப்பேசியில் படங்களைக் காட்டி, “மாமாவுக்கு ஒசெம்பிக் ஃபேஸ்” என்று சிரிக்கிறார்கள். அவரும் சிரித்துக்கொள்கிறார். மாலையில் லேசாக உடம்பு சுடுகிறது. இருமல் இருக்கிறது, மலைக் குளிருக்கு என்று சொல்கிறார். இதற்கு என்ன சத்துணவு கொடுக்கலாம்?

பதில்: அம்மா, வந்த கடிதங்களில் என்னை உலுக்கியது உங்களுடையதுதான். சத்துணவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். முயலாமல் எடை குறைந்தால் அது எப்போதுமே ஒரு செய்தி. மூன்று மாதத்தில் 9 கிலோ, மாலைக் காய்ச்சல், நீங்காத இருமல் மூன்றும் சேர்ந்தால் முதலில் காசநோயைத்தான் நினைக்க வேண்டும். இதுவரை தெரியாமல் இருந்த சர்க்கரை நோயும் இப்படி உருக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பதால், இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். தைராய்டு மிகையாகச் சுரப்பதும், சில புற்றுநோய்களும் இந்த வரிசையில் வரும். எதுவாக இருந்தாலும் முகத்தில் தெரிவது ஒரே குழிதான். அதற்குக் கேலியாக ஒரு பெயர் கிடைத்துவிட்டதால், ‘ஏன் இளைத்தார்’ என்று யாரும் கேட்காமல் போய்விட்டார்கள். அந்தச் சொல்லின்மீது எனக்குள்ள பெருங்கோபம் இதற்காகத்தான்.

பயப்பட வேண்டாம். காசநோயாகவே இருந்தாலும், மருந்துக்கு அடங்கும் வகை என்றால் ஆறு மாத மாத்திரையில் குணமாகும். பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்குக்கு வரும். அடிவாரம் இறங்கிச் சேலத்துக்கு வரும் வரை காத்திருக்க வேண்டாம், ஏற்காடு அரசு மருத்துவமனையிலேயே தொடங்குங்கள். சளிப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, இரத்தச் சர்க்கரை மூன்றையும் கேளுங்கள். சளி எடுக்கும்போது வெறும் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் நோய் இருந்தும் தெரியாமல் போய்விடும். காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி வரும் சளியை மருத்துவமனையில் தரும் டப்பாவில் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் அதையும் அங்கே தெரிவித்துவிடுங்கள். முடிவு வந்ததும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள், அம்மா.